மலைநாட்டு அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றின் சத்திரசிகிச்சை கிளினிக்: ஐந்துக்கு நாலு

ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப் போவதில்லை. நல்லதுக்குப் பெயர் போட்டால் கெட்டதுக்கும் போட வேண்டிவரும். இன்னொரு காரணமும் உண்டு. நான் நோர்வூட் பக்கம் பதினாறு வருஷமாக ஆட்டோ ஓட்டுகிறவன். எனக்கு வருத்தம் எந்த இடத்தில் என்று ஸ்டாண்டில் தெரிந்தால் அன்றைக்கே பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள், பேரப்பிள்ளை காலம் வரைக்கும் அது போகாது. எங்கள் லயத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற ஆஸ்பத்திரி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வருத்தம் இதுதான். விதைப்பையின் பின்பக்கத்தில், இடப்புறமாக, பயறு அளவுக்கு ஓர் ஓட்டை. அதிலிருந்து சில நாள் மஞ்சளாக, சில நாள் வெறும் தண்ணீராகக் கசியும். இரண்டு வாரம் மூடியிருக்கும், இனிச் சரி என்று நினைப்பேன். அப்புறம் ஓர் இரவு கனத்துக்கொண்டு வந்து காலையில் சாரம் நனைந்திருக்கும். பெரிய வலி இல்லை. வலித்திருந்தால் ஒரே வாரத்தில் ஓடியிருப்பேன். வலிக்காததால் பதினொரு மாதம் இழுத்தேன்.

அந்தப் பதினொரு மாதத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் இந்த கிளினிக்குக்கு நான் ஏன் நாலு புள்ளி கொடுக்கிறேன் என்று விளங்காது.

முதலில் தோட்டத்து டிஸ்பென்சரி. அங்கே இருந்த ஐயா நல்ல மனுஷர், ஆனால் பார்க்க என்னைவிட அவருக்குத்தான் வெட்கம். கதவருகே நின்றபடியே "கட்டியா?" என்று கேட்டார், ஐந்து நாளைக்குக் கூட்டுக் குளிசை தந்தார். அவ்வளவுதான். அடுத்தது டவுனில் ஒரு சேனலிங் சென்டர். இரண்டாயிரத்துச் சொச்சம் கட்டி, ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, டொக்டரை மூன்று நிமிஷம் பார்த்தேன். கட்டியைக் கீறிச் சீழ் எடுத்து வேறு குளிசை எழுதினார். ஆறு வாரம் நன்றாக இருந்தது. அந்த ஆறு வாரத்தில் அவரைப் பற்றி நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டேன். அதற்குள் பழைய இடத்திலேயே மறுபடி திறந்துகொண்டது.

மூன்றாவது, மெயின் ரோட்டில் 'மூலம், பவுத்திரம், விரைவீக்கம், ஏழு நாளில்' என்று போர்டு தொங்கவிட்ட ஒரு வைத்தியர். ஓட்டை என்றதும் பவுத்திரம் என்றார். பார்ப்பதற்கு முன்பே சொன்னார், அதைத்தான் நான் கவனித்திருக்க வேண்டும். ஏதோ மருந்து தடவிய திரியை உள்ளே செருகினார். மூன்று நாள் நடக்க முடியவில்லை. அந்த மூன்று நாள் கூலியும் போனது, பதினைந்தாயிரமும் போனது. அவருக்குப் புள்ளி இல்லை.

இதற்கிடையில் தொழில் ஓட வேண்டுமே. ஆட்டோ சீட்டில் பத்து மணி நேரம் உட்காருவது எப்படி? குஷன் கடைப் பையனிடம் மூலம் என்று பொய் சொல்லி, சீட்டு ஸ்பொன்ஞ்சில் நடுவே ஒரு வட்டம் வெட்டச் சொன்னேன். நனைவதற்கு மகளுடைய பேட் பக்கெட்டிலிருந்து ஒன்று இரண்டாக எடுத்துக்கொண்டிருந்தேன். மனைவி கணக்குப் பார்த்துவிட்டாள். மகளைக் கேட்டிருக்கிறாள், அவள் இல்லை என்றிருக்கிறாள். அன்று இரவுதான் மனைவிக்கு எல்லாம் தெரியவந்தது. திட்டவில்லை. காலையில் நாலு மணிக்கு எழுப்பிவிட்டு, "சாரத்தைக் கட்டுங்க, முதல் பஸ்ஸுக்குப் போவோம்" என்றாள்.

கிளினிக்குக்கு வருகிறேன்.

நம்பர் துண்டு ஆறு மணிக்குக் கொடுப்பார்கள் என்றார்கள். ஆறே கால் மணிக்குப் போன எனக்கு 63. வாங்கு மொத்தம் பத்துப் பேருக்குத்தான் இருக்கும், மற்றவர்கள் சுவரில் சாய்ந்து நிற்க வேண்டும். எனக்கு நிற்பது சுகம்தான், காலொடிந்தவர்களும் நிற்கிறார்களே என்றுதான் வருத்தம். கக்கூஸில் தண்ணீர் பத்து மணிக்கு நின்றுவிட்டது. போர்டுகள் சிங்களத்தில் தெளிவாக இருக்கின்றன, தமிழில் இருக்கிற ஒன்றிரண்டில் எழுத்துப் பிழை. தமிழும் அரச கரும மொழிதான் என்று 1987இல் அரசியலமைப்பில் போட்டுவிட்டார்கள், போர்டு எழுதுகிறவருக்கு இன்னும் சொல்லவில்லை போல.

இதைவிடப் பெரிய குறை, பதிவு மேசை. அங்கே இருந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. என்ன வருத்தம் என்று கேட்டதற்கு நான் முனகினேன். அவர் அட்டென்டன் தம்பி ஒருவனைக் கூப்பிட்டார். எங்கள் பக்கத்துப் பையன்தான், நல்ல பிள்ளைதான், குரல்தான் மேளம். "அண்ணனுக்குக் கொட்டையில ஓட்டையாம்!" என்று சிங்களத்தில் சொல்வதற்கு முன்னால் தமிழில் ஒருமுறை உரக்கச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டான். அறுபத்து மூன்று நம்பரும் திரும்பிப் பார்த்தது. ஒரு புள்ளியை அந்த இடத்தில்தான் குறைத்தேன்.

உள்ளே போனதும் நிலைமை வேறு. முதலில் பார்த்தது ஒரு பெண் டொக்டர், வயது இருபத்தேழு, இருபத்தெட்டுதான் இருக்கும். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பெண் டொக்டர் என்றதும் எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேப்பரைப் பார்த்துக்கொண்டே, "வெக்கப்படாதேங்கோ அண்ணா, காலமை இருந்து இது உங்களோட நாலாவது ஆள்" என்றார். அது பொய்யாகக்கூட இருக்கலாம். வேலை செய்தது.

அவர் செய்த முதல் காரியம் கேள்வி கேட்டது. இருபது நிமிஷம் கேட்டார். வெளியே எழுபது பேர் நிற்கிற கிளினிக்கில் இருபது நிமிஷம். எனக்கு அப்போது எரிச்சல்தான் வந்தது. ஓட்டை கண்ணுக்குத் தெரிகிறது, அதைப் பார்க்காமல் கக்கத்தைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று. ஒவ்வொரு கேள்வியும் ஏன் கேட்டார் என்பது வாட்டில் நாலு நாள் படுத்திருந்தபோதுதான் விளங்கியது. அங்கே ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு கேள்விக்கு விடை படுத்திருந்தது.

ஒன்றுக்குப் போகும்போது ஓட்டை நனைகிறதா என்று கேட்டார். முன்பு எப்போதாவது கால் இரண்டு பக்கமும் போட்டபடி எதன் மேலாவது விழுந்தீர்களா, மூத்திரம் நூல் மாதிரி மெலிந்து போகிறதா, மூத்திரம் போக டியூப் போட்டிருக்கிறார்களா? எல்லாவற்றுக்கும் இல்லை. எனக்கு எதிர்க் கட்டிலில் இருந்த பொடியனுக்கு எல்லாம் ஆம். பதினெட்டு வயதில் பாலத்துப் பலகை நழுவி அதன் மேல் கால் பரப்பி விழுந்தவன். உள்ளே மூத்திரக் குழாய் நசுங்கி, ஆறியபோது தழும்பாகச் சுருங்கிவிட்டது. வருஷக்கணக்காக முக்கி முக்கிப் போயிருக்கிறான். அடைப்புக்குப் பின்னால் அழுத்தம் கூடி, கிருமி சேர்ந்து, குழாயைச் சுற்றிச் சீழ் கட்டி, கடைசியில் கீழே உடைத்துக்கொண்டு வந்துவிட்டது. இப்போது அவன் ஒன்றுக்குப் போக உட்கார்ந்தால் விதைப்பையிலும் அதற்குக் கீழேயும் மூன்று இடத்தில் ஒழுகுகிறது. டொக்டர்மார் இதைப் பூவாளி என்று சொல்வார்களாம், மரக்கறித் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற அதே பூவாளிதான். வெட்டை நோயைக் கவனிக்காமல் விட்டாலும் குழாய் இதே மாதிரி சுருங்கி இந்த நிலை வருமாம். அவனுக்கு முதலில் வயிற்றின் அடியில் துளை போட்டு மூத்திரத்தை வேறு வழியால் விட்டிருந்தார்கள். கீழே இருக்கிற ஓட்டைகளைத் தைப்பதால் பிரயோசனமில்லை, சுருங்கிய இடத்தைச் சரி செய்ய வேண்டும், அதற்கு கண்டிக்குப் போக வேண்டும் என்று காத்திருந்தான்.

அவனுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கங்காணி. பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாக டியூபோடு இருப்பவர். வீட்டில் டியூபைக் காலோடு கீழ்நோக்கி இழுத்துக் கட்டிவிட்டிருக்கிறார்கள். ஆண்குறி விதைப்பையில் சேருகிற வளைவில் டியூப் உள்ளிருந்து ஓயாமல் அழுத்தி, அந்த இடம் செத்து ஓட்டையாகிவிட்டது. நேர்ஸ் மிஸ் அவருடைய மகளுக்குக் காட்டிக்கொடுத்ததை நானும் பார்த்தேன்: டியூபை மேல்நோக்கித் தூக்கி, அடிவயிற்றில் பிளாஸ்டர் போட்டு ஒட்ட வேண்டும், அப்போது அந்த வளைவு நிமிர்ந்துவிடும். ஒரு துண்டு பிளாஸ்டர். வீட்டில் டியூபோடு பெரியவர்கள் யாராவது இருந்தால் இன்றைக்கே எழுந்து போய்ப் பாருங்கள், எப்படி ஒட்டியிருக்கிறது என்று.

சீனி வருத்தம் இருக்கிறதா என்று கேட்டார். எனக்கு இல்லை. லொறி ஓட்டுகிற ஒருவருக்கு இருந்தது, அவர் மருந்தை நிறுத்தியும் இருந்தார். சின்னக் கொப்புளம், மூன்று நாளில் தோல் கறுத்து, நாற்றம், காய்ச்சல். அன்றிரவே தியேட்டருக்குக் கொண்டுபோய்ச் செத்த தோலை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டார்கள். விதைகள் பிழைத்துக்கொண்டன, அவற்றுக்கு இரத்தம் வேறு வழியால் வருகிறதாம். பாரிஸில் ஃபோர்னியே என்ற வைத்தியர் 1883இல் எழுதி வைத்த வியாதி என்று பெண் டொக்டர் சொன்னார், அவர் பெயரில்தான் இன்றும் அழைக்கிறார்கள். உயிரை எடுக்கிற வியாதி அது. இந்த எழுத்தில் வேறு எதையும் ஞாபகம் வைக்காவிட்டாலும் பரவாயில்லை: அந்த இடத்தில் தோல் கறுத்து, காய்ச்சலும் வந்தால், நம்பர் துண்டுக்கு நிற்காதீர்கள். நேரே அவசரப் பிரிவு.

மலம் கழிக்கும்போது வலியா, ஓட்டை வழியாகக் காற்றோ மலமோ வருகிறதா, முன்பு ஆசனவாய்ப் பக்கம் கட்டி வந்து உடைந்ததா என்றும் கேட்டார். இதுதான் பவுத்திரம். ஆசனவாய்க்கு உள்ளே சுற்றிவர இருக்கிற சின்னச் சுரப்பிகளில் ஒன்று அடைத்துச் சீழ் பிடிக்கும், அது தோலுக்கு வழி தேடும். பெரும்பாலும் பக்கத்திலேயே வந்துவிடும். முன்பக்கத்து வழி சில பேருக்கு நீண்டு விதைப்பை வரைக்கும் வந்து திறக்கும். ஜன்னலோரக் கட்டில் ஆளுக்கு அப்படித்தான். அவருக்கு உள்ளே நூல் போட்டு முடிந்து வைத்திருந்தார்கள். எனக்கு அந்தப் போர்டு வைத்தியரின் திரி ஞாபகம் வந்து உடம்பு நடுங்கியது. ஆனால் நூல் வைத்தியத்தையே குறை சொல்ல மாட்டேன். ஆயுர்வேதத்தில் எருக்கலையைப்போலப் பால் வடிக்கிற ஒரு கள்ளியின் பாலும், நாயுருவிச் சாம்பலில் எடுக்கும் காரமும், மஞ்சளும் நூலில் மொத்தம் 21 தடவை பூசிச் செய்கிற முறை ஒன்று இருக்கிறது. படித்தவர்கள் முறையாகச் செய்தால் பவுத்திரத்துக்கு நன்றாகவே வேலை செய்யும். என் விஷயத்தில் ஆசனவாய்க்கு வழியே இல்லை. இல்லாத வழிக்குத் திரி போட்டார் அவர்.

மற்றக் கேள்விகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கக்கத்திலும் கவட்டிலும் திரும்பத் திரும்பக் கட்டி வருமா என்றது, வியர்வை தங்கும் மடிப்புகளில் முடிக்கால்கள் அடைத்துத் தோலுக்கடியில் வளை வளையாகத் தோண்டுகிற ஒரு நாட்பட்ட தோல் வியாதிக்காக. இரத்தத்தோடு நாட்பட்ட வயிற்றோட்டம் உண்டா என்றது, குரோன் என்ற குடல் வியாதிக்காக, அதில் ஓட்டைகள் எங்கே வேண்டுமானாலும் திறக்கும். குடலிறக்கம் இருந்ததா என்றும் கேட்டார். விதைப்பைக்குள் இறங்கிய குடல் நெரிபட்டு அழுகினால் அந்த வழியாக மலமே வரலாமாம், அபூர்வம்தான். அங்கே முன்பு ஒப்பரேஷன் செய்திருக்கிறதா, கதிர் சிகிச்சை எடுத்ததுண்டா. இல்லை, இல்லை.

அப்புறம் கொழும்புக் கேள்வி. எங்கள் பையன்கள் பாதிப் பேர் மாதிரி நானும் பதினெட்டு வயதில் புறக்கோட்டையில் ஒரு கடையில் ஆறு வருஷம் நின்றவன். கொழும்பில் இருந்தீர்களா என்று கேட்டதும், மனைவியை வெளியே போய் டீ வாங்கி வரச் சொன்னேன். டொக்டருக்குச் சிரிப்பு. அவர் முதலில் கேட்க வந்தது யானைக்கால் பற்றி. அந்தப் புழு மேல் மாகாணம், தென் மாகாணம், வடமேல் மாகாணம் என்று கரையோரப் பகுதிகளில்தான் பரவியிருந்தது, நம் மலைக்கு வரவில்லை. நாட்டில் அது இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் ஒத்துக்கொண்டது. என்றாலும் பழைய ஆட்களுக்கு விதைப்பைத் தோல் தடித்து, அதிலிருந்து பால் மாதிரி நீர் கசிவதுண்டு. அதற்காகக் கேட்டாராம். மற்றதையும் கேட்டார். உண்மையைத்தான் சொன்னேன், ஒன்றுமில்லை. மனைவி டீயோடு திரும்பி வந்து, "என்ன கேட்டாங்க?" என்றாள். "யானைக்கால்" என்றேன்.

கடைசியாகத்தான் வந்தது: வீட்டில் யாருக்காவது காசம் இருந்ததா?

சித்தப்பாவுக்கு இருந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். ஒரே காம்பராவில் எட்டுப் பேர் படுப்போம், அவர் அடுப்புப் பக்கம், நான் அவருக்கு அடுத்தது. இரவெல்லாம் இருமுவார். டிஸ்பென்சரிக்குத் தினமும் நடந்து போய் ஊசி போட்டுக்கொண்டார். குணமாகி, பிறகு வெகுகாலம் கழித்து மாரடைப்பில்தான் போனார். முப்பது வருஷத்துக்கு மேலாகிற கதை. அதற்கும் என் விதைப்பைக்கும் என்ன சம்பந்தம்?

அந்தப் பிள்ளை பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பெரிய டொக்டரைக் கூப்பிட்டார்.

பெரிய டொக்டர் சிங்களவர், ஐம்பது வயதிருக்கும். அதிகம் பேசாதவர். கையை மட்டும் நம்புகிறவர். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுத் தொட்டுப் பார்த்தார். விதைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு எபிடிடிமிஸ் என்று ஒரு சுருட்டுக் குழாய் இருக்கிறது. இடது பக்கம் அது கல் மாதிரி இறுகித் தோலோடு ஒட்டியிருந்தது. அங்கிருந்து மேலே போகிற விந்துக் குழாயை விரலிடுக்கில் உருட்டிவிட்டு, பெண் டொக்டரின் கையையும் பிடித்து வைத்துக் காட்டினார். பாசிமணி கோத்தது போல முடிச்சு முடிச்சாக இருந்ததாம். ஆசனவாயிலும் விரல் விட்டுப் பார்த்தார், அது சுகமான விஷயம் இல்லை, அரை நிமிஷம்தான். பிறகு என்னிடம் தனக்குத் தெரிந்த தமிழில், "பின்னால ஓட்டை, டீபீ யோசிக்கணும். முன்னால ஓட்டை, வேற யோசிக்கணும்" என்றார். காசக் கிருமிக்கு அந்தப் பின்பக்கத்துக் குழாய்தான் பிடித்த இடம், அதனால் உடையும்போது பின்னால் உடைகிறது. மேகப்புண் முற்றினால் விதையையே பிடிக்கும், அது முன்னால் திறக்கும். இப்படி ஒரு கணக்கு இருப்பதை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

பீலி உள்ள லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். பீலியில் விழுகிற தண்ணீர் பீலியில் ஊறுவதில்லை. மேலே எங்கோ பாறை இடுக்கில் ஊற்று இருக்கும், மண்ணுக்கடியில் வந்து இங்கே விழும். பீலி வாயை அடைத்தால் பக்கத்து மண்ணைப் பெயர்த்துக்கொண்டு வரும். என் பதினொரு மாதமும் பீலி வாயை அடைத்த கதைதான். சேனலிங் குளிசையால் ஆறு வாரம் நின்றதற்கும் விளக்கம் சொன்னார்கள்: அந்த வகைக் குளிசைகளில் சில காசக் கிருமியையும் கொஞ்சம் அமுக்கும், கொல்லாது. அதனால் நோய் இன்னது என்று தெரிய வருவதுதான் தள்ளிப்போகும்.

சோதனைகளைப் பற்றிச் சொன்னால்தான் விமர்சனம் முழுமையாகும். மூன்று நாள் விடியற்காலை முதல் மூத்திரம், நெஞ்சு எக்ஸ்ரே, ஸ்கேன், இரத்தம், எச்ஐவி பரிசோதனையும் சேர்த்து. அது காசத்துக்கு எல்லோருக்கும் எடுப்பது, பயப்படத் தேவையில்லை. எக்ஸ்ரே சுத்தம். மூத்திரத்தில் சீழ் அணு நிறைய, ஆனால் சாதாரணக் கிருமி எதுவும் வளரவில்லை. அப்படி வந்தாலே காசத்தைச் சந்தேகிக்க வேண்டுமாம். வாட்டில் சேர்த்து, மரத்துப்போக ஊசி போட்டு, ஓட்டையின் ஓரச் சுவரில் ஒரு துணுக்கு வெட்டி அனுப்பினார்கள். காசுக்கு எதுவும் கேட்கவில்லை, ஒரு சதமும் இல்லை. குறை என்னவென்றால், துணுக்கு ரிப்போர்ட் மூன்று வாரத்தில் வரும் என்றார்கள், போனால் தாளைக் காணோம். இரண்டு தடவை சும்மா போய் வந்தேன், இரண்டு நாள் வருமானம் போனது. மூன்றாவது தடவை அந்த மேளக்குரல் தம்பிதான் எங்கேயோ ஒரு கட்டுக்குள்ளிருந்து தேடி எடுத்து வந்தான். இம்முறை காதோடு சொன்னான்: "அண்ணே, கேன்சர் இல்லயாம்." குறைத்த புள்ளியில் அரையைத் திருப்பித் தரலாமா என்று யோசித்தேன். தாளைத் தொலைத்ததற்கும் சேர்த்துப் பார்த்தால் சரியாகப் போயிற்று.

காசம்தான். அங்கிருந்து செஸ்ட் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். ஆறு மாத மருந்து, முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, பிறகு நாலு மாதம் இரண்டு. நிறையைப் பார்த்து எண்ணிக்கை தருவார்கள், என் 51 கிலோவுக்கு மூன்று குளிசை, வெறும் வயிற்றில். முதல் நாளே மூத்திரம் நெக்டோ சோடா மாதிரி சிவந்துவிட்டது. மிஸ் முன்கூட்டியே சொல்லியிருந்தார், சொல்லாவிட்டால் அங்கேயே விழுந்திருப்பேன். கண்ணில் நிறம் சரியாகத் தெரிகிறதா என்று புள்ளிப் புள்ளிப் படம் வைத்துப் பார்த்தார்கள், நாலு மருந்தில் ஒன்று கண்ணைத் தாக்கக் கூடியது. அங்கே வாங்கு இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. அதற்குத் தனியாக ஐந்துக்கு ஐந்து போட்டுக்கொள்ளலாம்.

ஒரு சங்கடம் மட்டும். வீட்டில் உள்ளவர்களைச் சோதிக்கச் சுகாதாரப் பரிசோதகர் ஐயா லயத்துக்கே மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். இஸ்தோப்பில் அவர் உட்கார்ந்ததும் பக்கத்துக் காம்பராக்களில் வானொலிச் சத்தம் குறைந்தது. பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை, மனைவிக்கும் ஒன்றுமில்லை. என் நெஞ்சில் இல்லாததால் இருமலில் பரவாது என்று அவர் வேண்டுமென்றே கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார். புத்திசாலி மனுஷர். லயத்தில் எல்லோரும் எனக்கு முதுகெலும்பில் ஏதோ என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் திருத்தவில்லை.

கசிவு ஆறாவது வாரத்தில் குறைந்தது, மூன்றாம் மாதத்தில் ஓட்டை மூடியது. நல்லாகிவிட்டதே என்று குளிசையை நிறுத்தத் தோன்றும். நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்று பயங்காட்டி வைத்திருக்கிறார்கள், ஆறு மாதமும் விழுங்கி முடித்தேன். விதையை எடுக்க வேண்டி வரவில்லை. இடது பக்கக் குழாய் தழும்பாகி அடைத்திருக்கும், பிள்ளை வேண்டுமென்றால் சொல்லுங்கள் என்றார்கள். மூன்று இருக்கிறது, போதும் என்றாள் மனைவி, நான் வாயைத் திறப்பதற்கு முன்.

போகிறவர்களுக்கு: ஐந்தரைக்குள் போய்விடுங்கள். முன்பு சாப்பிட்ட குளிசை அட்டைகள், பழைய துண்டுகள், எல்லாவற்றையும் ஒரு பேக்கில் போட்டுக்கொண்டு போங்கள், அந்தப் பிள்ளை ஒவ்வொன்றையும் கேட்பார். போத்தலில் தண்ணீர் வேண்டும், கக்கூஸுக்கும் சேர்த்து. கேன்டீன் ரொட்டி பரவாயில்லை, டீ ஆறிப்போயிருக்கும். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போகாதீர்கள், திரைக்குப் பின்னால் ஒற்றைக் காலில் நின்று கழற்றுவதற்குள் அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிடுவார்கள். சாரம்தான் வசதி.